வேலிகாத்தான் நிழலில் விதை வளருமா?

மரம் என்றாலே நன்மை என்று பாலர் வகுப்பிலிருந்து நாம் படித்து வருகிறோம். நிழல் தரும், கனி தரும், காய்ந்தால் விறகாகும், மழையைக் கூட்டி வரும் என்று மரத்தின் பெருமையைக் கட்டுரை நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்போம்! ஆனால் எல்லா மரமும் எல்லா இடத்திலும் நன்மையே செய்யும் என்று எழுதிவிட முடியுமா? முடியாது என்பதே எங்கள் கருத்து. அதை நம் ஊர் மண்ணைக் கொண்டே சொல்ல விரும்புகிறோம்.

கண்டாச்சிபுரத்திலிருந்து விழுப்புரத்திற்குப் பேருந்தில் சன்னல் ஓரம் உட்கார்ந்து போகும் தோழியருக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஒரு புறம் பாறைக் குன்றுகள். கரும்பும் நெல்லும் மணிலாவும் விளையும் கொல்லைகள். வரப்போரம் பனைகள். இவை இல்லாத இடமெல்லாம் ஒரே பச்சையாய் முட்புதர். ஏரியின் உள்ளே, ஓடையின் இரு கரையிலும், தரிசு நிலத்தில், சுடுகாட்டு ஓரத்தில், எங்கும் அதுதான். நம் பக்கத்தில் அதற்கு வேலிகாத்தான் என்று பெயர். தென் மாவட்டங்களில் சீமைக் கருவேல் என்பார்கள். வேலியைக் காக்க வந்தவனே வேலி தாண்டிக் கொல்லைக்குள் புகுந்துவிட்டால் அவனுக்கு என்ன பெயர் வைப்பது?

இந்த மரம் நம் நாட்டில் பிறந்ததன்று. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வட பகுதி, கரிபியன் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். 1876-இல் சென்னை மாகாண வன அதிகாரி பெடோம் என்பவர் வறண்ட பகுதிகளில் விறகுக்கென இதை வளர்க்கலாம் என்று யோசனை கூறினார். மறு ஆண்டே ஜமைக்காவிலிருந்து விதைகள் வந்தன; கடப்பை வட்டாரத்தில் விதைக்கப்பட்டன. தாது வருஷப் பஞ்சம் நம் மக்களை வாட்டி வதைத்த அதே காலம் அது. மழையை எதிர்பாராமல் வளரும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு மாடு இலையைக் கடிக்காது, வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்ற மரத்தை யார்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்? கொண்டு வந்தவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அன்று நற்குணமாய்த் தோன்றிய ஒவ்வொன்றும் இன்று துன்பமாகிவிட்டது. இலையைத் தொடாத ஆடும் மாடும் இனிப்பான நெற்றை விரும்பித் தின்கின்றன. விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து, போன இடமெல்லாம் முளைக்கின்றன.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். செருப்பு அணிந்துகொண்டு (முள் பொல்லாதது!) நன்றாக வளர்ந்த வேலிகாத்தான் கூட்டத்தின் உள்ளே சற்றுக் குனிந்து பாருங்கள். தரை எப்படி இருக்கிறது? வெளியே பத்தடி தள்ளி அறுகும் கோரையும் தும்பையும் குப்பைமேனியும் நெருங்கிக் கிடக்கும். உள்ளே பெரும்பாலும் வெறும் தரை. அதன்மேல் பொடிப் பொடியான சருகு மெத்தை. வேப்பங்கொட்டை விழாமலா இருந்திருக்கும்? காக்கையும் மைனாவும் எத்தனை விதைகளைக் கொண்டு வந்து போட்டிருக்கும்! அவையெல்லாம் எங்கே போயின?

நிழல்தான் காரணம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் வேலிகாத்தானின் நிழல் ஆலமர நிழலைப் போல் அடர்ந்ததன்று. சிற்றிலைகளின் ஊடே வெயில் நன்றாகவே விழுகிறது. தண்ணீரை எல்லாம் வேர் உறிஞ்சிவிடுகிறது என்பது அடுத்த பதில். அதில் உண்மை உண்டு. இந்த இனத்து மரத்தின் வேர் ஒன்றை அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டும்போது 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். நம் வீட்டுக் கிணறுகள் எத்தனை ஆழம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருந்தாலும் மழைக்காலத்தில் ஈரம் எல்லா இடத்திலும் இருக்கத்தானே செய்கிறது? அப்போதும் அந்த மெத்தையின்மேல் விழுந்த விதை வளரத் தயங்குகிறதே, ஏன்?

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மரம் தன் அண்டையில் பிற செடி வளராதபடி இரசாயனப் பொருள்களைப் பரப்புகிறது. இலை உதிர்கிறது, அதன்மேல் மழை பெய்கிறது, தேயிலையில் வெந்நீர் ஊற்றினால் சாறு இறங்குவதுபோல் சருகிலிருந்து ஒரு கஷாயம் மண்ணுக்குள் இறங்குகிறது. சருகு மக்கும்போதும் இறங்குகிறது. இப்படி ஒரு தாவரம் இன்னொன்றைத் தன் இரசாயனத்தால் பாதிப்பதற்கு ஆஸ்திரிய நாட்டுத் தாவர இயல் அறிஞர் ஹான்ஸ் மோலிஷ் 1937-இல் அல்லெலோபதி என்று பெயரிட்டார். பெயர்தான் புதிது, விஷயம் பழையது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரோமாபுரியின் பிளினி, வால்நட் மரத்தின் நிழல் மற்றச் செடிகளுக்கு ஆகாது என்று எழுதி வைத்தார். அவ்வளவு தூரம் போவானேன்? புளியமரத்தடியில் எதுவும் சரியாக வளராது என்று நம் பாட்டிமார் சொல்வதில்லையா? பேய் இருக்கிறது என்று அவர்கள் காரணம் சொன்னார்கள். இந்த ஒன்றில் மட்டும் பாட்டியோடு எங்களுக்குக் கருத்து வேற்றுமை! புளிய இலைச் சாறு முளையைத் தடுக்கும் என்று ஆய்வாளர்களும் சோதித்துக் கண்டிருக்கிறார்கள்.

வேலிகாத்தான் இலையில் இருப்பது என்ன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் பிரித்துப் பார்த்தார்கள். முளையை அடக்கும் பொருள்கள் பல கிடைத்தன. ஜூலிப்ரோசோபின் முதலிய ஆல்கலாய்டுகள் அவற்றில் சில. இன்னொன்றுதான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. அதன் பெயர் டிரிப்டோபேன். நாம் குடிக்கும் பாலிலும் அது உண்டு. நம் உடலுக்கு அது இன்றியமையாதது. நமக்கு உணவாக இருப்பது, அளவு மிகுந்து மண்ணில் இறங்கினால், ஒரு சின்ன முளையின் வேரை நீளவிடாமல் செய்துவிடுகிறது.

படித்ததை நம்பினால் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியை சிஸ்டர் கூறினார்கள். பச்சைப்பயறும் கேழ்வரகும் எடுத்துக்கொண்டோம். வேலிகாத்தான் இலையைப் பறித்து ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊற வைத்து, துணியில் வடிகட்டினோம். ஒரு தட்டுக்குப் பச்சைத் தண்ணீர். ஒரு தட்டுக்கு அந்தக் கஷாயம். மூன்றாவது தட்டுக்குக் கஷாயத்தில் பல மடங்கு தண்ணீர் கலந்தது. ஐந்தாம் நாள் பார்த்தபோது முதல் தட்டில் வேர்கள் வெள்ளை வெளேரென்று நீண்டு, பஞ்சு போல் வேர்த்தூவிகளுடன் இருந்தன. இரண்டாவதில் கேழ்வரகு பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. பயறு முளைத்தது, ஆனால் வேர் குட்டையாகி, நுனி பழுப்பேறி, தரையைத் தேடத் தெரியாமல் சுருண்டு கிடந்தது. மூன்றாவது தட்டுக்கும் முதல் தட்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை. இந்த மூன்றாவது தட்டை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் எங்கள் கருத்து முழுவதும் அதைப் பற்றித்தான்.

தட்டு வேறு, தரை வேறு என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணைதான். மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை இந்தப் பொருள்களைச் சிதைக்கின்றன. களிமண் சிலவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் விஞ்ஞானிகள் சிரத்தையோடு வேறு வழிகளில் சோதிக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் பயன்படும் விசேஷக் கரித்தூள் இத்தகைய இரசாயனங்களை ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதை மண்ணில் கலந்த பிறகு செடி நன்றாக வளர்ந்தால் குற்றவாளி இரசாயனம். கலந்த பின்னும் வளராவிட்டால் குற்றவாளி வேறு யாரோ!

எல்லாவற்றிலும் எங்கள் மனத்தைத் தொட்ட ஆராய்ச்சி 2012-இல் வெளியானது. இந்திய விஞ்ஞானிகளும் வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்தது. ஒரே வேலிகாத்தானை நம் நாட்டிலும், ஹவாய்த் தீவுகளிலும், அதன் தாயகமான வெனிசுவேலாவிலும் பார்த்தார்கள். நம் நாட்டில் அதன் அடியில் செடி வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெனிசுவேலாவிலோ அதே மரத்தடியில் செடிகள் செழித்திருந்தன! பிறந்த வீட்டில் நல்ல பெண்ணாய் இருந்து, புகுந்த வீட்டில் பொல்லாதவள் ஆன கதை. அங்கே அக்கம்பக்கத்துச் செடிகள் எல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளாய் அதனோடு பழகி, அதன் சாற்றைத் தாங்கக் கற்றுக்கொண்டவை. இங்கே நம் செடிகளுக்கு அது புதிது என்பது இதற்கு விஞ்ஞானிகள் கூறும் விளக்கம்.

அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். வேலிகாத்தானை அதன் உடன்பிறப்பாகிய வன்னி மரத்தோடு ஒப்பிட்டார்கள். ஆம், வன்னியும் இதே இனந்தான். ஆனால் நம் மண்ணின் மரம். விருத்தாசலம் கோயிலின் தல விருட்சம் வன்னி என்பதை அந்தப் பக்கத்துத் தோழியர் அறிவார்கள். இராஜஸ்தானத்தில் வன்னியின் நிழலில் கம்பு நன்றாக விளையும் என்று உழவர்கள் அதை வயலிலேயே விட்டு வைக்கிறார்கள். 1730-இல் கேஜர்லி கிராமத்தில் இந்த மரத்தை வெட்ட வந்தவர்களைத் தடுக்க அமிர்தா தேவி என்ற பெண்மணி முதலாக 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்த வன்னியின் அடியில் மற்றச் செடிகள் தாராளமாய் வாழ்கின்றன. வேலிகாத்தானின் அடி மண்ணிலோ முளையை அடக்கும் பொருள்கள் வன்னியின் மண்ணைவிட அதிகம் என்று அந்த ஆராய்ச்சி காட்டியது. ஒரு குடும்பத்தில் பிறந்த இருவரில் ஒருவர் பந்தி போட்டு உபசரிக்கிறார். மற்றவர் வந்தவரை விரட்டுகிறார்.

மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் சொன்ன விதைப்பவன் உவமையில் சில விதைகள் முட்செடிகளிடையே விழுந்து நெருக்குண்டு போகின்றன. அந்த முட்கள் இடத்தை அடைத்துக்கொண்டு நெருக்கின. நம் ஊர் முள் இடத்தை அடைப்பதோடு நில்லாமல் மண்ணின் ஈரத்தையும் தன் வசமாக்கிக்கொள்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த மரத்தைப் பற்றிப் பரவும் பொய்களையும் சொல்லாமல் விட முடியாது. வாட்ஸ்அப்பில் வருவதை நம் வீடுகளில் வேதவாக்காக வாசிக்கிறார்கள். வேலிகாத்தான் பிராணவாயுவையே தராது என்கிறார்கள். பச்சை இலை உள்ள எந்தத் தாவரமும் வெயிலில் பிராணவாயு தரும் என்பதைச் சிறு வகுப்பிலேயே படிக்கிறோம். அதில் பறவை கூடு கட்டாது என்கிறார்கள். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருப்பதை நாம் கண்ணால் பார்க்கிறோம். மண் என்றென்றைக்கும் பாழ் என்கிறார்கள். இதுதான் பெரிய பொய். இந்த மரம் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன. உவர் நிலத்தைத் திருத்தவும் இதை வட இந்தியாவில் வளர்த்திருக்கிறார்கள். ஆக, அதன் கீழுள்ள மண் செத்த மண் அன்று. சத்து இருந்தும் பரிமாறப்படாத மண். உண்மையே போதுமான அளவு கசப்பாக இருக்கும்போது எதற்காகப் பொய்யைச் சேர்க்க வேண்டும்? பொய் என்று தெரிந்த அன்று மக்கள் உண்மையையும் அல்லவா சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்?

2017-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டதும், வழக்கறிஞர்களும் மாணவர்களும்கூட மண்வெட்டியோடு இறங்கியதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். போதிய ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து அதே ஆண்டில் இடைக்காலத் தடையும் வந்தது. பின்னர் அகற்றும் பணி மறுபடி தொடர்ந்தது. 2022-இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றவும் காடுகளை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்தக் கொள்கையின் பெயரில் அகற்றுதலோடு மீட்டலும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப்புறங்களில் நடப்பது பாதி வேலைதான். மரத்தை ஏலம் எடுப்பவர் விலை போகும் கட்டையை வெட்டிக்கொள்கிறார். அடிக்கட்டை அப்படியே நிற்கிறது. முதல் மழையில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிறது. அவருக்கென்ன, சில ஆண்டு கழித்து இன்னொரு ஏலம்! பொக்லைன் இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கிய இடங்களிலும், சருகையும் நெற்றையும் யாரும் கூட்டி அள்ளுவதில்லை. அந்த மெத்தையின் நடுவிலேயே குழி தோண்டி, கன்றை நட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கன்று என்ன செய்யும்? எங்கள் இரண்டாவது தட்டுப் பயறு செய்ததைத்தான் செய்யும்.

மரத்தை வெட்டுவதற்குச் செலவிடும் கவனத்தில் பாதியையாவது அதன் அடி மண்ணுக்குச் செலவிட வேண்டும் என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். சருகைக் கூட்டி அப்புறப்படுத்தி, ஒரு மழைக்காலம் மண் கழுவப்படும்படி விட்டால் கஷாயம் நீர்த்துப் போகும். அப்போது அது மூன்றாவது தட்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு நட வேண்டும். வேலிகாத்தான் கன்றுக்கு வெயில் இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை. ஆகவே நம் மரங்கள் ஓங்கி நிழல் கட்டிவிட்டால் அது தானே அடங்கும். ஏரிக்கரைக்குப் பனை, பூவரசு, புங்கன், நாவல். மேட்டு நிலத்துக்கு வேம்பு, உசில், வெப்பாலை. நம் மாவட்டத்திலேயே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்தவர்கள், நம் பக்கத்தில் காடு எப்படி இருந்திருக்கும் என்று அறிவார்கள். புழுதி பறந்த செம்மண் மேட்டை ஆரோவில் மக்கள் 1968 தொடங்கி எப்படிப் பசுங்காடாக்கினார்கள் என்பதும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் கண்ணாரக் காணக் கூடியது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலைச் சிஸ்டர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். இயற்கைக் காட்டின் இடத்தில் ஒரே இன மரத்தை வளர்ப்பதன் விளைவுகள் போதிய அளவு ஆராயப்படுவதில்லை என்றும், புதிதாய்ப் புகுத்தப்படும் இனம் மற்ற உயிர்களுக்கு இடம் கொடாமல் போகலாம் என்றும் அவர் அதில் எழுதியிருக்கிறார். உரோமையில் இருந்தவருக்கு நம் ஊர் ஏரி தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தெரிந்து எழுதியது போலவே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதைப் பெற்றோர்களுக்காகவும், குறிப்பாக ஊராட்சியில் பொறுப்பில் உள்ள பெற்றோர்களுக்காகவும் எழுதுகிறோம். இந்த மரத்தின் விறகு நின்று எரியும். நம்மில் பலர் வீட்டில் காஸ் அடுப்பு இருந்தாலும் வெந்நீர் காய்ச்சுவதும் நெல் அவிப்பதும் இதில்தான். காலையில் சுள்ளி பொறுக்கப் போகும் தாய்மார்களின் கையில் முள் தைத்த வடு இருக்கும். அந்தச் சுள்ளியால்தான் சில வீடுகளில் அடுப்பு எரிகிறது. கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒழிப்போம் என்று மேடையில் பேசுபவர்கள் இவர்களைக் கேட்டார்களா? ஏரி, ஓடை, கோயில் நிலம், பள்ளி நிலம் என்று முக்கியமான இடத்தை முதலில் எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியாய் அகற்றி, வெட்டிய விறகை ஏலத்துக்கு விடாமல் அந்த ஊர்த் தாய்மார்களுக்கே கொடுத்தால் என்ன? அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் விறகு என்று நிபந்தனை போட்டால் வேரும் சேர்ந்து வந்துவிடும்.

நம் பள்ளியைப் பொறுத்தவரை ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். மைதானத்துக்குப் பின்னால், மதிலை ஒட்டிய மூலையில் வேலிகாத்தான் இருந்த இடத்தை இரண்டு பாத்தியாகப் பிரித்திருக்கிறோம். ஒன்றில் சருகை அப்படியே விட்டிருக்கிறோம். மற்றதில் துப்புரவாய்க் கூட்டி அள்ளிவிட்டோம். ஐப்பசி மழை இரண்டின் மேலும் ஒரே மாதிரி பெய்தது. மழைக்குப் பின் முளைத்த வேலிகாத்தான் கன்றுகளை, முள் முற்றுவதற்குள், ஈர மண்ணிலேயே கையால் பிடுங்கிவிட்டோம். வருகிற ஜூலை மாதம் வன மகோத்சவத்தின்போது இரண்டு பாத்தியிலும் ஒரே நாளில், ஒரே உயரமுள்ள புங்கன் கன்றுகளையும் வேப்பங்கன்றுகளையும் நட வேண்டும்; ஒரே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பில் இருக்க மாட்டோம். அடுத்து வரும் தங்கையர் மாதம் ஒரு முறை உயரத்தை அளந்து குறித்து வர, கோடு போட்ட நோட்டு ஒன்றை விஞ்ஞான அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் வைத்திருக்கிறோம். அளவுகோல் அதனுள்ளேயே இருக்கிறது.